பால்கோவா அடுப்பும் சூரிய அடுப்பும்: ராஜபாளையம் வட்டாரத்தின் வெப்ப வரலாறு

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் பாலில்தான் தொடங்குகிறார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரம், அங்கே மேயும் மாடுகள், ஊர்த் தண்ணீர், மண் என்று காரணங்களை அடுக்குகிறார்கள். இவற்றில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் பால் நல்ல ஊர்கள் தமிழ்நாட்டில் எத்தனையோ இருக்கின்றன. அந்த ஊர்களிலெல்லாம் பால்கோவாத் தொழில் வேர் பிடிக்கவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் வேர் பிடித்ததற்குக் காரணம் அடுப்பில் இருக்கிறது என்பது என் கருத்து. அதிலும் குறிப்பாக, நெருப்புக்கும் பாலுக்கும் நடுவே கிடக்கும் ஒரு விரற்கடைக்கும் குறைவான இரும்புத் தகட்டில் இருக்கிறது. வெப்பத்தை உண்டாக்குவது மனிதனுக்கு ஒருபோதும் பெரிய சிரமமாக இருந்ததில்லை. விறகு கிடைத்தால் போதும். அந்த வெப்பத்தை வாங்கிக்கொள்ளும் உலோகம் கருகாமலும், விரிசல் விடாமலும், தான் வாங்கியதைச் சீராக உள்ளே கடத்தும்படியும் பார்த்துக்கொள்வதுதான் சிரமம். பால்கோவா வாணலி, சிமென்ட் சூளை, கண்ணாடிகளால் வெயிலைக் குவிக்கும் சூரிய வெப்ப நிலையம் ஆகிய மூன்றுக்கும் இது பொருந்தும். மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் இந்த வட்டாரத்தின் தொழில் வரலாற்றில் இதுவரை எழுதப்படாமல் கிடக்கும் ஒரு பக்கம் தெரியவரும்.

பாலைச் சுண்டக் காய்ச்சும் பழக்கம் ஆண்டாள் ஊருக்குப் புதிதல்ல. மார்கழி 27-ஆம் நாள் கூடாரவல்லிக்கு வைணவக் கோயில்களிலும் வீடுகளிலும் செய்யப்படும் அக்காரவடிசில், அரிசியைப் பாலிலேயே குழைய வேகவிட்டு வெல்லமும் நெய்யும் சேர்த்துச் செய்வது. திருமாலிருஞ்சோலை அழகருக்கு நூறு தடா வெண்ணெயும் நூறு தடா அக்காரவடிசிலும் சமர்ப்பிப்பதாக ஆண்டாள் நேர்ந்துகொண்டதும், பின்னாளில் இராமானுசர் அதை நிறைவேற்றியதும் வைணவ மரபில் நிலைபெற்ற செய்திகள். மடைப்பள்ளியில் பெரிய பாத்திரத்தில் பாலை அடிபிடிக்காமல் நெடுநேரம் காய்ச்சும் கைப்பழக்கம் இந்த ஊரில் நூற்றாண்டுகளாக இருந்திருக்க வேண்டும். அதற்காக இன்றைய பால்கோவாவைக் கோயில் காலத்துக்குக் கொண்டுபோய் ஒட்டுவது வரலாறு ஆகாது. கடையில் எடைபோட்டு விற்கும் பண்டமாக, ஊர்ப் பெயரோடு ஒட்டிய வணிகமாக அது வளர்ந்தது 20-ஆம் நூற்றாண்டில். 1927-இல் விருதுநகர்–தென்காசி ரயில் பாதை வந்து, ஸ்ரீவில்லிபுத்தூரும் ராஜபாளையமும் ஒரே இருப்புப்பாதையில் கோக்கப்பட்டன. கோயிலுக்கு வந்தவர்களும் பஞ்சு வாங்க வந்தவர்களும் கையில் எடுத்துப் போகக்கூடிய ஒரு பண்டம் தேவைப்பட்டது. மறுபுறம், குளிரூட்டும் வசதி இல்லாத அந்தக் காலத்தில் விற்காமல் மிஞ்சிய பாலுக்கு ஆயுள் சில மணி நேரம்தான். சித்திரை வெயிலில் அதுவும் இல்லை. தண்ணீரை விரட்டிச் சர்க்கரையைச் சேர்த்தால் அதே பால் நாள்கணக்கில் தாங்கும். பால்கோவா இனிப்பாவதற்கு முன்னால் பாலைக் காப்பாற்றும் வழியாக இருந்தது. அந்த வழிக்கு ஊர் கொடுத்த விலை விறகு.

எவ்வளவு விறகு என்று கணக்குப் பார்த்தால் தொழிலின் உண்மையான எடை புரியும். பசும்பாலில் நூற்றுக்கு 87 பங்கு தண்ணீர். 10 லிட்டர் பாலை எடுத்து, ஒன்றேகால் கிலோ அளவில் சர்க்கரை சேர்த்துச் சுண்டவைத்தால் மூன்றரை நான்கு கிலோ கோவா மிஞ்சும் என்று வைத்துக்கொள்வோம். வெளியேற வேண்டிய தண்ணீர் சுமார் 8 கிலோ. ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்க 2,257 கிலோஜூல் வெப்பம் வேண்டும் என்பது இயற்கையின் மாறாத விலை. பால்கோவா காய்ச்சும் எந்த மாஸ்டராலும் இதில் தள்ளுபடி வாங்க முடியாது. பாலைக் கொதிநிலைக்குக் கொண்டுவரும் வெப்பத்தையும் கூட்டினால் மொத்தம் 21 மெகாஜூல் அளவுக்கு வருகிறது. காய்ந்த விறகு கிலோவுக்கு 15 மெகாஜூல் தரும். ஆகவே ஒரு சொட்டு வெப்பமும் வீணாகாத அடுப்பு என்று ஒன்று இருந்தால் ஒன்றரைக் கிலோ விறகிலேயே வேலை முடிந்துவிடும். சாதாரண விறகடுப்பில் வெப்பத்தின் ஐந்தில் ஒரு பங்குதான் பாத்திரத்துக்குள் போகிறது. அதனால் 7 கிலோ விறகு எரிகிறது. 4 கிலோ பண்டத்துக்கு 7 கிலோ விறகு! பால்கோவாக் கடைகளின் பின்கட்டில் விறகு ஏன் கூரை உயரத்துக்கு அடுக்கிக் கிடக்கிறது என்பதற்கு இந்தக் கணக்குதான் பதில்.

ஆனால் விறகின் அளவைவிட முக்கியமானது அது எரியும் முறை. அகன்ற இரும்பு வாணலியில் பாலை ஊற்றியதும் முதல் கட்டத்தில் தீ முழு வீச்சில் இருக்கலாம். பால் நீர்த்திருக்கிறது, கொதிக்கும் குமிழிகளே அதைக் கலக்கிவிடுகின்றன. அடித்தகட்டுக்கு வந்த வெப்பத்தைப் பால் உடனுக்குடன் அள்ளிக்கொண்டு போகிறது. தகட்டின் சூடு பாலின் சூட்டைவிடச் சில டிகிரிதான் கூடுதல். பாதிக்கு மேல் சுண்டியதும் நிலைமை மாறத் தொடங்குகிறது. புரதமும் கொழுப்பும் சர்க்கரையும் நெருங்கிக் குழம்பு கெட்டிப்படுகிறது. குமிழிகள் மெல்ல, கனத்து, 'பொத்' 'பொத்' என்று வெடிக்கின்றன. குழம்பு தன்னைத் தானே கலக்கிக்கொள்ளும் சக்தியை இழக்கிறது. இப்போதும் அதே தீயை வைத்திருந்தால் தகட்டிலிருந்து வெப்பத்தை அள்ளிப்போக ஆள் இல்லை. தகடு பாலைவிடப் பல பத்து டிகிரி கூடுதலாகச் சூடேறும். முதலில் ஒரு மெல்லிய புரதப் படலம் ஒட்டும். அந்தப் படலம் வெப்பத்தை மேலும் தடுக்கும். தடுத்ததால் அடியில் சூடு மேலும் ஏறும். ஏறியதால் படலம் கருகும். ஒரு கையகல இடத்தில் தொடங்கும் இந்த வினை சில நிமிடங்களில் வாணலி முழுவதையும் தீய்ந்த வாடைக்கு இழுத்துவிடும். இதைத் தடுக்க மாஸ்டர் இரண்டு வேலைகளை ஒன்றாகச் செய்கிறார். துடுப்பை அடித்தகட்டோடு ஒட்டித் தேய்த்தபடி, ஒரு இடமும் விடாமல் சுற்றுகிறார். அடுப்பு வாயிலிருந்து விறகை ஒவ்வொன்றாக வெளியே இழுக்கிறார். கடைசிக் கட்டத்தில் எரிகிற விறகே இருக்காது. தணல்தான் வேலை செய்யும். குமிழி வெடிக்கும் ஓசை, துடுப்பில் உணரும் கனம், ஓரத்தில் நெய் கசியும் விதம் ஆகியவைதான் அவருக்கு அளவுகோல்கள். பொறியியல் நூல் இதை ஒரே வரியில் சொல்லிவிடும்: சுவருக்கும் திரவத்துக்கும் இடையிலான வெப்பநிலை வேறுபாடு, சுவரில் விழும் வெப்பத்தைத் திரவத்தின் அள்ளும் திறனால் வகுத்த ஈவு. அள்ளும் திறன் நிமிடத்துக்கு நிமிடம் குறையும்போது விழும் வெப்பத்தையும் அதே வேகத்தில் குறைக்கத் தெரிந்தவர்தான் மாஸ்டர்.

இது மிகைப்படுத்தல், ருசி பாலிலிருந்துதான் வருகிறது, அடுப்பு வெறும் கருவி என்று ஒருவர் சொல்லலாம். நியாயமான ஆட்சேபம்தான். இதற்கு வரலாற்றிலேயே ஒரு தெளிவான விடை இருக்கிறது. அமெரிக்காவில் கெய்ல் போர்டன் 1856-இல் காப்புரிமை பெற்ற முறையில் பால் வெற்றிடக் கலனில் காய்ச்சப்படுகிறது. காற்றழுத்தம் குறைந்தால் கொதிநிலையும் குறையும். அதனால் 100 டிகிரிக்கு வெகு கீழேயே தண்ணீர் ஆவியாகிப் போய்விடும். இன்று டப்பாவில் வரும் இனிப்புச் சேர்த்த கெட்டிப்பாலின் மூதாதை அதுதான். பால் அதுவே, சர்க்கரை அதுவே, தண்ணீர் போவதும் ஒன்றுபோலவே. ஆனாலும் கெட்டிப்பால் டப்பாவைத் திறந்து சாப்பிட்டு இதுதான் பால்கோவா என்று யாரும் சொல்லமாட்டார்கள். பாலின் புரதமும் சர்க்கரையும் சூட்டில் கூடிப் பிறக்கும் பழுப்பு நிறமும் மணமும் போர்டனின் கலனில் பிறப்பதில்லை; அந்தக் கலனின் குறைந்த சூடு அதற்கு இடம் தருவதில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் வாணலியோ அந்த வினை நடக்கட்டும், ஆனால் ஓர் எல்லையைத் தாண்ட வேண்டாம் என்று பிடித்து நிறுத்துகிறது. வெள்ளையாக இறக்கினால் வெறும் சுண்டிய பால், கூடுதலாக விட்டால் கருகல். இரண்டுக்கும் நடுவே உள்ள குறுகிய இடைவெளியில்தான் ஊரின் பெயர் நிற்கிறது. பால் அதற்கு அவசியம். ஆனால் பால் மட்டும் போதாது.

எரிபொருளின் வரலாறும் இதையே உறுதிப்படுத்துகிறது. இந்த அடுப்புகளில் புளிய விறகுக்கும் முந்திரிக்கொட்டைத் தோட்டுக்கும் தனி மதிப்பு உண்டு. புளிய விறகு கனமானது, நின்று எரியும், நல்ல தணல் தரும். முந்திரித் தோட்டில் எண்ணெய் இருப்பதால் சிறிய அளவே பெரிய சூட்டைக் கொடுக்கும். கைப்பிடி கைப்பிடியாகப் போட்டு ஏற்றலாம், போடாமல் விட்டு இறக்கலாம். தீயைக் கூட்டிக் குறைக்கத் தோதான எரிபொருளைத் தேடித்தான் தொழில் இவற்றிடம் வந்து சேர்ந்திருக்கிறது. மலிவு மட்டும் காரணமென்றால் கிடைத்த முள்ளையும் சுள்ளியையும் எரித்திருக்கலாம். மலையடிவாரத்தில் இருந்தும் காட்டு விறகு இந்தத் தொழிலுக்கு நிலையான ஆதாரமாக இருக்க முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். செண்பகத்தோப்புக்கு மேலுள்ள காடுகள் 1988-இல் சாம்பல் நிற அணில் சரணாலயமாயின. 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகமாயின. அது சரியான முடிவு. அந்த மலையில் காடு நின்றால்தான் அடிவாரத்தில் கண்மாய்க்குத் தண்ணீர் வரும், மாட்டுக்குப் புல் கிடைக்கும். ஆக, பாலைத் தரும் காடு பாலைக் காய்ச்ச விறகு தராது. பட்டா நிலத்துப் புளியும் வெளியூர் முந்திரி ஆலைக் கழிவும் அந்த இடத்தை நிரப்புகின்றன. எத்தனை காலத்துக்கு என்ற கேள்வி எழத்தான் செய்யும்.

இதே வெப்பக் கணக்கை வேறு அளவில் சந்தித்த ராஜபாளையத்தின் பக்கம் இங்கே திரும்ப வேண்டும். விஜயநகர ஆட்சிக் காலத்தில் ஆந்திரப் பகுதியிலிருந்து வந்து குடியேறிய ராஜுக்களின் ஊர் அது. பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936-இல் ராஜபாளையம் மில்லைத் தொடங்கினார். அவர் வழியில் வந்த மெட்ராஸ் சிமென்ட்ஸ் நிறுவனம் 1962-இல் விருதுநகர் அருகே, இன்று ராமசாமிராஜா நகர் என்று பெயர் பெற்ற இடத்தில், தன் முதல் ஆலையை இயக்கியது. நாளொன்றுக்கு 200 டன், ஈர முறை. ஈர முறை என்றால் சுண்ணாம்புக் கல்லையும் களிமண்ணையும் தண்ணீரோடு சேர்த்து அரைத்து, மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத் தண்ணீர் உள்ள சேற்றுக் கூழாகச் சூளைக்குள் விடுவது. சூளையின் நீளத்தில் கணிசமான பகுதி அந்தத் தண்ணீரை விரட்டவே செலவாகும். சூளையில் சுட்டெடுக்கும் சிமென்ட் கட்டியான கிளிங்கர் ஒரு கிலோவுக்கு 1,300 கிலோகலோரிக்கு மேல் வெப்பம் வேண்டியிருந்தது. 1980-களிலிருந்து இந்திய சிமென்ட் துறை உலர் முறைக்கு மாறியபோது, வெளியேறும் சூட்டுப் புகையிலேயே மூலப்பொடியைச் சூடேற்றி, அந்தத் தேவையை 700–750 கிலோகலோரி அளவுக்கு இறக்கிவிட்டார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் பாலில் இருந்து தண்ணீரை விரட்டுவதற்கும், ராமசாமிராஜா நகரில் சுண்ணாம்புக் கூழில் இருந்து தண்ணீரை விரட்டுவதற்கும் இயற்கை ஒரே கட்டணத்தைத்தான் வசூலித்தது. சிமென்ட்காரர்களால் தண்ணீரே சேர்க்காமல் தப்ப முடிந்தது. பால்காரருக்கு அந்த வழி இல்லை. மாடு தண்ணீரோடுதான் பாலைத் தருகிறது.

சூளையில் இன்னொரு பாடமும் உண்டு. உள்ளே பொருள் 1,450 டிகிரியைத் தொடுகிறது. அதை நெருங்குமுன்பே இரும்புக் கூடு வலுவிழந்து வளைந்துவிடும். ஆகவே உள்ளே தீச்செங்கல் பதிக்கிறார்கள். அந்தச் செங்கல்லையும் காப்பது எது தெரியுமா? சூளைக்குள் பாதி உருகிய கிளிங்கரே செங்கல்மீது ஒட்டிப் படியும் ஓர் அடை. 'கோட்டிங்' என்று ஆலையில் சொல்வார்கள். அது நன்றாகப் பிடித்திருக்கிறதா என்பதுதான் சூளை இயக்குநரின் ஓயாத கவலை. ஓரிடத்தில் அது உதிர்ந்து செங்கல்லும் விழுந்தால் வெளிக்கூட்டில் சிவந்த திட்டு தெரியும். சூளையை நிறுத்த வேண்டியதுதான். பால்கோவா மாஸ்டர் எதை ஒட்டவிடக் கூடாது என்று துடுப்பால் தேய்க்கிறாரோ, அதையே சூளை இயக்குநர் ஒட்டவைக்கப் பாடுபடுகிறார். நோக்கங்கள் எதிரெதிர்; ஆனால் இருவர் கண்ணும் ஒரே இடத்தில், உலோகச் சுவரின் உட்பரப்பில், நிலைத்திருக்கிறது.

விறகுக்கு மாற்று வெயில் என்பது இந்த வறண்ட மாவட்டத்தில் எவருக்கும் தோன்றக்கூடிய யோசனை. ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணியை வெளுத்துக் காயப்போடுகிறவர்கள் வெயிலைத் தொழிற்கருவியாகவே வைத்திருக்கிறார்கள். அங்கே துணியே வெயிலை வாங்கிக்கொள்கிறது. 40, 50 டிகிரி போதும். கொதிநிலையைத் தாண்ட வேண்டுமென்றால் வெயிலைக் குவிக்க வேண்டும். இதற்கு இந்தியாவிலும் வெளியிலும் ஒரு நீண்ட பின்னணி உண்டு. பம்பாயில் ஆங்கில அரசுப் பணியில் இருந்த வில்லியம் ஆடம்ஸ் கண்ணாடிகளால் வெயிலைக் குவித்து நீராவி இயந்திரம் ஓட்டினார். விறகும் நிலக்கரியும் விலையேறிய வெப்ப நாடுகளுக்கு வெயிலே எரிபொருள் என்று 1878-இல் அங்கேயே ஒரு புத்தகமும் வெளியிட்டார். 1913-இல் எகிப்தின் மாதி என்ற ஊரில் ஃபிராங்க் ஷுமன், தொட்டிபோல் வளைந்த நீண்ட கண்ணாடிகளைக் கொண்டு நைல் நதித் தண்ணீரை வயலுக்கு இறைத்தார். சமையலுக்கு வந்தால், திருமலையில் 2002-இல் நிறுவப்பட்ட கிண்ணக் கண்ணாடிகள் நீராவி எடுத்து அன்னதானச் சமையலுக்குக் கொடுத்தன. புதுச்சேரி அருகே ஆரோவில்லின் சூரியச் சமையற்கூடத்துக் கூரையில் 15 மீட்டர் விட்டமுள்ள பெரிய கண்ணாடிக் கிண்ணம் அசையாமல் இருக்கிறது. சூரியன் நகர நகர, குவிகோட்டைத் தேடி நகர்வது அதன் நடுவே தொங்கும் கொதிகலன். ராஜஸ்தானில் அபு மலை அடிவாரத்து அபு ரோட்டில் பிரம்ம குமாரிகள் அமைப்பின் 'இந்தியா ஒன்' நிலையத்தில் 60 சதுர மீட்டர் கண்ணாடிகள் 770 உள்ளன. ஒவ்வொன்றின் குவியத்திலும் ஒரு வார்ப்பிரும்புக் குழிக்கட்டி. அது பகல் முழுவதும் சூட்டை உண்டு, இரவில் நீராவியாகத் தருகிறது.

இத்தகைய நிலையங்களில் பெரிய தலைவலி தருவது குவியத்தில் இருக்கும் உலோகம்தான். உச்சி வெயில் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு கிலோவாட் வெப்பம் தரும். பால்கோவா வாணலியின் அடியில் அதே பரப்பில் விழுவது சில பத்து கிலோவாட். கோபுர உச்சிக்கு வெயிலைக் குவித்து உப்பைச் சூடேற்றும் நிலையங்களில், அந்த வெயிலை வாங்கும் ஏற்பிக் குழாய்களில் விழுவதோ ஆயிரம் கிலோவாட்டை நெருங்கும். குழாய்க்குள் சோடியம் நைட்ரேட் 60 பங்கும் பொட்டாசியம் நைட்ரேட் 40 பங்கும் கலந்த உருகிய உப்பு 290 டிகிரியில் நுழைந்து 565 டிகிரியில் வெளியேறுகிறது. 600 டிகிரியை எட்டினால் உப்பு சிதையத் தொடங்கும். 220 டிகிரிக்குக் கீழே இறங்கினால் குழாய்க்குள்ளேயே கெட்டியாகிவிடும். வெயில் படும் பக்கம் விரிகிறது, படாத பக்கம் விரியவில்லை; ஒரு மேகம் கடந்தால் குழாய் திடீரென ஆறுகிறது, மேகம் விலகினால் திடீரெனச் சுடுகிறது. ஆண்டுக்கணக்கில் இப்படி இழுபட்டால் உலோகம் களைத்து விரிசல் விடும். இதற்குப் பொறியாளர்கள் கண்ட மருந்துகளைப் பாருங்கள். எல்லாக் கண்ணாடிகளையும் ஒரே புள்ளிக்குத் திருப்பாமல் பல புள்ளிகளுக்குப் பிரித்துக் குறிவைக்கிறார்கள். சூடு மிஞ்சினால் சில கண்ணாடிகளை விலக்குகிறார்கள். திரவம் வேகமாக ஓடும்படியும் சுழலும்படியும் செய்கிறார்கள். அல்லது அபு ரோட்டில் செய்ததைப் போலக் கனத்த இரும்பைக் கொடுத்துச் சூட்டின் ஏற்ற இறக்கத்தை விழுங்கவைக்கிறார்கள். விறகை வெளியே இழுப்பது, துடுப்பால் சுழற்றுவது, அடி கனத்த வாணலியைத் தேர்ந்தெடுப்பது ஆகியவற்றின் மறுபதிப்புகள்தான் இவை. பால்கோவா மாஸ்டருக்கு வெப்ப இயக்கவியல் தெரியும் என்று பெருமை பேசுவதற்காக இதைச் சொல்லவில்லை. ஒரே சிக்கலுக்கு இரண்டு இடங்களில், ஒன்றையொன்று அறியாமல், ஒரே வகை விடைகள் கிடைத்திருக்கின்றன. அதனால் அந்தச் சிக்கல் உண்மையானது. வாணலியில் மாஸ்டர் செய்வது வெறும் பழக்கதோஷம் அல்ல.

பால் தொழில் அறிந்தவர்கள் இங்கே குறுக்கிடுவார்கள். நீராவிச் சுற்றுறை போட்ட கலன்கள் பால் பண்ணைகளில் எப்போதோ வந்துவிட்டன. 125 டிகிரி நீராவியைக் கலனின் உறைக்குள் விட்டால் சுவர் எந்த இடத்திலும் 125 டிகிரியைத் தாண்ட வழியில்லை. கருகும் திட்டு என்ற பேச்சே குறைந்துவிடும். இயந்திரத் துடுப்பு சுரண்டிக்கொண்டே இருக்கும். பிறகு மாஸ்டரின் கைத்திறன் எதற்கு என்று கேட்பார்கள். கேள்வி பலமானது. கைவலி, புகை, கண் எரிச்சல் இவற்றோடு காலம் தள்ளிய தொழிலாளர்களின் பக்கத்திலிருந்து பார்த்தால் இந்தக் கலன்களை வரவேற்கத்தான் வேண்டும். ஆனால் இரண்டு விஷயங்களைச் சேர்த்துச் சொல்லியாக வேண்டும். ஒன்று, சிக்கல் மறைந்துவிடவில்லை, இடம் மாறியிருக்கிறது. வாணலியின் அடியில் இருந்த சூட்டுத் திட்டு கொதிகலன் குழாய்க்குப் போய்விட்டது. நீராவியைச் சூரியன் தருமானால் கண்ணாடியின் குவியத்துக்குப் போய்விட்டது. அதைக் கவனிக்கவும் ஒரு மாஸ்டர் வேண்டும், அவருக்கு வேறு பெயரும் வேறு சம்பளமும் இருக்கும், அவ்வளவுதான். இரண்டாவது, ருசிக்கு வேண்டிய கடைசிக் கட்டப் பழுப்பு, தகட்டின் சூடு சற்றுக் கூடி நிற்பதால் பிறப்பது. மட்டான, சீரான நீராவிச் சூட்டில் அதே நேரத்துக்குள் அது வந்துவிடும் என்று நினைக்கக் கூடாது. நேரத்தை நீட்ட வேண்டும், அல்லது கடைசியில் நெருப்புக்கு மாற்ற வேண்டும்.

இன்னொரு ஆட்சேபம் இன்றைய நிலவரத்திலிருந்து வருகிறது. 2010-இல் தொடங்கிய ஜவஹர்லால் நேரு தேசிய சூரிய இயக்கத்தின் முதல் சுற்றில் 470 மெகாவாட் அளவுக்குச் சூரிய வெப்ப மின் திட்டங்கள் வழங்கப்பட்டன. ராஜஸ்தானில் நோக் என்ற இடத்தில் 2013-இல் இயங்கத் தொடங்கிய 50 மெகாவாட் நிலையம் போன்ற சிலவே நிறைவேறின. அதற்குள் ஒளிமின் தகடுகளின் விலை சரிந்துவிட்டது. பக்கத்து ராமநாதபுரம் மாவட்டத்தில் கமுதியில் 2016-இல் 648 மெகாவாட் தகடுகள் எழுந்தன. குழாய் இல்லை, உப்பு இல்லை, விரிசல் இல்லை. அப்படியிருக்க, தோற்ற தொழில்நுட்பத்தின் ஏற்பியைப் பற்றி ஏன் பேச வேண்டும்? மின்சாரம் எடுப்பதற்கு என்றால் இந்த வாதத்தை அப்படியே ஒப்புக்கொள்கிறேன். பால்கோவாவுக்கு வேண்டியது மின்சாரம் அல்ல, 100 டிகிரியை ஒட்டிய சூடு. அதற்கு வெயிலை நேரடியாக நீராவியாக்குவதில் இன்றும் பொருள் இருக்கிறது. மின்சாரத்தைக் கொண்டு தூண்டல் அடுப்பில் காய்ச்சினாலும் தவறில்லை. தீயைக் கூட்டிக் குறைப்பதில் விறகைவிட அது துல்லியமானது. ஆனால் அங்கேயும் வெப்பம் பிறப்பது வாணலியின் அடித்தகட்டில்தான். எப்போது எவ்வளவு குறைக்க வேண்டும் என்று அந்த அடுப்புக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியவர் துடுப்புப் பிடித்தவரே.

வெயிலின் எல்லையையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். தெளிந்த நாளில் ஒரு சதுர மீட்டர் கண்ணாடிக்கு 5 கிலோவாட் மணி நேரடி வெயில் கிடைத்து, அதில் பாதி நீராவியானால் 9 மெகாஜூல். 10 லிட்டர் பாலுக்கு ஏறத்தாழ 2.3 சதுர மீட்டர் கண்ணாடி. நாளுக்கு 1,000 லிட்டர் காய்ச்சும் கூடத்துக்கு 230 சதுர மீட்டர், அதாவது அபு ரோட்டில் உள்ளதைப் போன்ற நான்கு கிண்ணங்கள். முடியாத அளவு இல்லை. ஆனால் பால்கோவா விற்பனையின் உச்சம் தீபாவளி. தீபாவளி வருவது ஐப்பசியில். ஐப்பசி வடகிழக்குப் பருவமழையின் மாதம். வேண்டும்போது வெயில் இருக்காது. ஆடிப்பூரத் தேருக்குக் கூட்டம் கூடும் நாள்களிலும் மலைப்பக்கத்து மேகம் நம்பத்தக்கதல்ல. ஆகவே நெருப்பு முழுவதுமாக விடைபெறாது. என் தீர்ப்பு இதுதான்: தண்ணீரில் பெரும்பகுதியை விரட்டும் முதல் கட்டத்தைச் சூரிய நீராவியோ கொதிகலன் நீராவியோ ஏற்கட்டும். அங்கே திறமைக்கு வேலை குறைவு, எரிபொருள் செலவு அதிகம். விறகில் பெரும்பங்கு மிச்சப்படுவதும் அங்கேதான். கெட்டிப்பட்ட பிறகு வரும் கடைசிக் கட்டத்தை வாணலியும் தணலும் துடுப்பும் வைத்துக்கொள்ளட்டும். சிமென்ட்காரர்கள் செய்ததும் இதைப் போன்றதுதான்: மூலப்பொடியைச் சூடேற்றும் வேலையைச் சூளையிலிருந்து பிரித்தார்கள், சுடும் வேலையைச் சூளைக்கே விட்டார்கள்.

2019-இல் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பெயரைப் பிறர் திருடாமல் அது காக்கும். அடுப்பறிவைக் காக்க அது போதாது. அந்த அறிவு எங்கும் அளந்து எழுதப்பட்டதாகத் தெரியவில்லை. எந்தக் கட்டத்தில் தகட்டின் சூடு என்ன, விறகு எத்தனை குறைகிறது, தணல் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று ஓர் அட்டவணை இருந்தால்தான் நாளை நீராவியோ தூண்டல் அடுப்போ சூரியக் கிண்ணமோ வரும்போது ருசி கைமாறும். ஊரில் பால் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. சில கிலோமீட்டர் தொலைவில் கிருஷ்ணன்கோவிலில் கலசலிங்கம் பல்கலைக்கழகம் இருக்கிறது. ராஜபாளையத்தில் சூளைகளின் சூட்டை அரை நூற்றாண்டுக்கு மேல் அளந்துவரும் தொழிலகத்தார் இருக்கிறார்கள். வாணலியின் அடியில் சில வெப்பமானிகளைப் பொருத்தி, மூத்த மாஸ்டர்கள் காய்ச்சும்போது ஒரு பருவம் முழுவதும் பதிவெடுக்க இவர்கள் கைகோத்தால் போதும். பெரிய செலவு ஆகாது. அந்த மாஸ்டர்கள் அடுப்பை விட்டு இறங்குவதற்குள் இதைச் செய்துவிடுங்கள்.